இலங்கை மலையகத்தில் படம் எடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கச்சிமாரே,

உங்களில் நாலைந்து பேரை எனக்கு முகம் தெரியும். கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தலவாக்கலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிளேன்டி குடித்துக்கொண்டு நிற்பீர்கள். உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. 1987இலிருந்து 2008 வரை அந்த டவுனில் வீடியோ கடை வைத்திருந்தவன் நான். சடங்கு வீடு, கல்யாண வீடு, திருவிழா முடிந்த மறுநாள் என்று தேயிலைத் தோட்டம் தோட்டமாக டீ.வி.யையும் டெக்கையும் ஏற்றிக்கொண்டு போவேன். கரண்ட் வராத லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், என்றால் ஜெனரேட்டரும் கூட வரும். ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்கினால் விடியும்வரை மூன்று படம். முதலில் சாமி படம், அப்புறம் சண்டைப் படம். மூன்றாவது படம் ஓடுகிறபோது பிள்ளைகள் தூங்கியிருக்கும், இளந்தாரிகள் எங்கேயோ போயிருப்பார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மிச்சமிருப்பது நாற்பது, ஐம்பது வயசு ஆட்கள்தான். அவர்களுக்கென்று ஒரு கசட்டைத் தனியாக வைத்திருப்பேன்: ‘முதல் மரியாதை’. 1985இல் வந்த படம். என் கடையில் அதுதான் அதிகம் தேய்ந்தது. தேயத் தேய மூன்று தரம் புதிதாக வாங்கினேன். சிவாஜியும் ராதாவும் பேசுகிற இடம் வந்தால் அந்த இஸ்தோப்பில், லயத்து முன்திண்ணையில், ஒரு இருமல்கூடக் கேட்காது.

அந்த மூன்றாவது படத்துக் கூட்டத்துக்காகத்தான் இந்த மடல்.

போன மாதம் எங்கள் தோட்டத்துக்கு ஒரு குழு படம் பிடிக்க வந்தது. யாரென்று சொல்லப் போவதில்லை. நல்ல பிள்ளைகள், வந்தவுடன் பெரியவர்களைக் கும்பிட்டார்கள். கொழுந்து மலையில் வைத்து லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பரா (பக்கத்து அறை வீடு) மதினியிடம், “செருப்பக் கழட்டிட்டு ஏறுங்கக்கா” என்றார்கள். மதினி கழட்டினார். “கூடைக் கயிறு நெத்தியில தெரியிற மாதிரி மாட்டுங்க” என்றார்கள். மாட்டினார். அப்புறம் ஒரு பையன் தயங்கித் தயங்கி, “கஷ்டத்த நெனச்சிக் கொஞ்சம் கண் கலங்கினா நல்லா இருக்கும்” என்றான். மதினி அவனை ஒரு பார்வை பார்த்தார். “கலங்குறதுக்கு எத்தன கிலோ போடுவீங்க தம்பி?” என்று கேட்டார். கொழுந்தைக் கிலோவில் நிறுத்துச் சம்பளம் வாங்குகிற மலையே சிரித்தது. கேமரா அப்போது ஓடவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருஷம் என்று, 2023இல் மலையகம் 200 என்று எல்லோரும் பேசினோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். கடைசி நாள் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். லயம், காணி, சம்பளம், 1948இல் பறித்த குடியுரிமை என்று நீங்கள் எடுத்த படங்களையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தேன். அதெல்லாம் வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் வரிசையாகப் பத்துப் படம் பார்த்து முடித்தபோது ஒன்று உறுத்தியது. எல்லாப் படத்திலும் நாங்கள் ஒரு பிரச்சினையாகவே வருகிறோம். பிரச்சினையைப் பார்த்து யாருக்கும் இரக்கம் வரும், சரி. ஆசை வருமா? இந்த ஆள் இன்றைக்கு அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டுமே என்று பார்க்கிறவனுக்குப் பதறுமா?

அதே 2023இல்தான் பின்லாந்தில் அக்கி கௌரிஸ்மாக்கி ஒரு படம் எடுத்திருக்கிறார். ‘ஃபாலன் லீவ்ஸ்’, உதிர்ந்த இலைகள். கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு வாங்கிய படம். டீச்சர் வேலை பார்க்கிற என் மகள் லெப்டொப்பில் போட்டுக் காட்டினாள். 81 நிமிஷம்தான். நம்முடைய சண்டைப் படத்தில் பாதி.

ஹெல்சிங்கியில் அன்சா என்று ஒருத்தி. சூப்பர் மார்க்கெட்டில் வேலை. திகதி முடிந்த சாப்பாட்டுச் சாமானைக் குப்பையில் போடாமல் தன் பையில் போட்டதற்காக வேலை போகிறது. ஹொலாப்பா என்று ஒருத்தன். இரும்பு வேலை, வேலை நேரத்திலும் போத்தலை ஒளித்து வைத்துக் குடிக்கிறவன். இரண்டு பேருக்கும் சின்ன வயசு தாண்டிவிட்டது. இரண்டு பேருக்கும் யாருமில்லை. ஒன்றாக ஒரு படம் பார்க்கப் போகிறார்கள். அவள் போன் நம்பரைத் துண்டில் எழுதிக் கொடுக்கிறாள். அவன் சட்டைப்பையிலிருந்து சிகரெட்டை எடுக்கிறபோது துண்டு காற்றில் போய்விடுகிறது. பேரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை, மடையன். அவள் திரும்ப வருவாளென்று அதே தியேட்டர் வாசலில் போய்ப் போய் நிற்கிறான். அவள் வந்து பார்க்கிறபோது ஆள் இல்லை, அவன் நின்ற இடத்தில் சிகரெட் துண்டுகள்தான் கிடக்கின்றன.

எப்படியோ மறுபடி சந்தித்துவிடுகிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவனை வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். அவள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு தட்டு. கடைக்குப் போய் இன்னொரு தட்டும் ஒரு கத்தியும் முள்ளும் வாங்குகிறாள். இவ்வளவுதான் காட்சி, வசனமில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் வருகிறான், சாப்பிடுகிறான், குடிக்கிறான். அவள் சொல்கிறாள்: என் அப்பாவும் குடித்துச் செத்தார், கூடப் பிறந்தவனும் குடித்துச் செத்தான், அம்மா அந்தக் கவலையில் போனாள், குடிகாரனோடு இருக்க ஏலாது. அவன் கோபித்துக்கொண்டு எழும்பிப் போகிறான். அந்த இரண்டாவது தட்டு குப்பைக்குப் போகிறது. “இது நம்ம தோட்டத்துக் கததானேங்க” என்றாள் என் மனைவி. பின்லாந்து மொழியில் ஒரு சொல் விளங்காத மனுஷி.

முடிவைச் சொல்லிக் கெடுக்கவில்லை. ஒரு விபத்து உண்டு, ஒரு நாய் உண்டு, நாயின் பேர் சாப்ளின். பாருங்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன். அன்சா வீட்டு ரேடியோவைத் திருகினால் வருவது உக்ரேன் யுத்தச் செய்தி. அவள் கேட்கிறாள், மனசு தாங்காமல் அணைத்துவிடுகிறாள். யுத்தம் படத்துக்குள் வந்துவிட்டது; ஆனால் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. எங்கள் சம்பளப் பிரச்சினையும் அப்படி ரேடியோவில் ஓடட்டுமே, தம்பி. ஆயிரம் ரூபா நாள் சம்பளத்துக்கு எத்தனை வருஷம் ரோட்டில் உட்கார்ந்தோம், 2024இல் நாளுக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது, கொழுந்து கிலோ குறைந்தால் இன்னும் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான் போடுகிறார்கள் என்பதையெல்லாம் யாரோ வாசிக்கட்டும். உங்கள் நாயகி ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்கட்டும். வாசலில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் அணைக்கட்டும்.

லயத்தில் ஏது காதலுக்கு இடம் என்று கேட்பீர்கள். இல்லைதான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. பழைய லயங்களில் நடுச்சுவர் கூரைவரை போகாது. முதல் காம்பராவில் மிளகாய் தாளித்தால் மூன்றாம் காம்பராவில் தும்முவார்கள். இளசுகளுக்காவது ஸ்கூல் இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, போன் இருக்கிறது. மனைவி குவைத்துக்குப் போய் ஏழு வருஷமாகி, அங்கேயே வேறு மாதிரி ஆகிப்போனாள் என்று கேள்விப்பட்ட மனுஷன் எங்கே போய் யாரோடு பேசுவான்? முப்பத்தைந்தில் தாலி அறுத்தவள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்று யாரிடமாவது சிரித்தால் அது ஸ்டோர்வரை, தேயிலை ஃபாக்டரிவரை, போய் வந்துவிடும். எங்களிடம் தனிமை இல்லை, ஆனால் தனியாட்கள் நிறைய இருக்கிறார்கள். இந்தக் கோணல்தான் உங்களுக்குக் கதை. ஹெல்சிங்கிக்காரனுக்கு இது கிடைக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு ஜோடியைச் சொல்கிறேன். பேர் வேண்டாம்.

அந்த மனுஷனுக்கு ஸ்டோரில் ராத்திரி வேலை, கொழுந்து வாட்டுகிற மாடியில். வயது ஐம்பதை நெருங்கும். மனைவி பிள்ளைப்பேற்றில் போய்ச் சேர்ந்து இருபது வருஷம். அந்த அம்மா மேற்கணக்கில், தோட்டத்து மேல் பிரிவில், கொழுந்து எடுப்பவர், நாற்பத்து மூன்றோ நாலோ. புருஷன் இல்லை. மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில், மகள் ஏ.எல். படிக்கிறாள். பின்னேரம் கடைசி நிறுவை முடிந்து, விறகும் கட்டிக்கொண்டு அந்த அம்மா இறங்கி வருகிறபோது இருட்டிவிடும். இவர் வேலைக்கு ஏறுகிற நேரமும் அதுதான். ஸ்டோர் வளைவில் எதிரும் புதிருமாக வருவார்கள். சிறுத்தை நடமாடுகிற பாதை அது. லயத்து நாய்கள் எத்தனை போயிருக்கின்றன. ஒருநாள் இவர் தன் டார்ச்சை நீட்டினார். மறுநாள் காலை, வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில், இவர் வேலை முடிந்து இறங்குகிற நேரம் பார்த்து அந்த அம்மா திருப்பிக் கொடுத்தார். பின்னேரம் மறுபடி கை மாறியது. இப்படியே நாலு வருஷம். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். லயத்து வாய்க்குப் பயந்து அந்த டார்ச்சைத் தவிர வேறொன்றையும் அவர்கள் கொடுத்து வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை டார்ச் கிடையாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கடையில் பேட்டரியும் விற்றேன். 10ஆம் திகதி சம்பளம் போட்டதும் அந்த மனுஷன் வந்து பெரிய பேட்டரி இரண்டு வாங்குவார். பழையதைக் கழட்டிப் பார்த்தால் பாதி உயிர் இருக்கும். “இன்னும் பத்து நாளைக்கு வருமே” என்றேன் ஒரு தரம். “பாதி வழியில மங்கிருச்சின்னா?” என்றார். ஸ்டோருக்கு ஏறுகிற பாதையில் அவருக்கு லைட் கம்பம் இருக்கிறது. யாருடைய பாதி வழி என்று அப்போது எனக்கு ஓடவில்லை. டார்ச்சின் கழுத்து வெடித்திருந்ததால் சிவப்பு டேப் சுற்றியிருந்தார். அது மட்டும் மனசில் நின்றது.

அப்புறம் ஒரு தீபாவளிக்கு அந்த அம்மாவின் மகன் வரும்போது தாய்க்கு நோக்கியா 1100 வாங்கி வந்தான். தலையில் லைட் உள்ள போன். எங்கள் பக்கம் அப்போது எல்லார் கையிலும் அதுதான். “இனி என்னத்துக்கும்மா அடுத்த ஆளு டார்ச்சு” என்றானாம். பாவம், நல்ல பையன். போனில் சார்ஜ் நிற்கவில்லை என்று அந்த அம்மா கொஞ்ச நாள் ஓட்டினார். அது எத்தனை நாளைக்கு ஓடும்? மகளுக்கு மாப்பிள்ளைப் பேச்சும் தொடங்கிவிட்டது. மகளுக்குப் பேசுகிற வீட்டில் தாயைப் பற்றி ஒரு சொல் வரலாமா? ஒருநாள் காலை அந்த அம்மா டார்ச்சை நீட்டியபோது, “நீங்களே வச்சிக்கங்க” என்று சொல்லிவிட்டு இவர் இறங்கிப் போய்விட்டாராம்.

இவருக்கு வேலைக் காலம் முடிந்தது. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் பேர் பதிந்து வேலை செய்ய ஆளில்லையென்றால் அதில் இருக்கிறதும் கஷ்டம். ஈ.பி.எஃப். சேமலாபச் சல்லியை எடுத்துக்கொண்டு வவுனியாப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போனார். போய் இரண்டு மூன்று மாதமிருக்கும், ஒரு சம்பள நாளன்று அந்த அம்மா கடைக்கு வந்தார். அதுவரை என் கடைப் படி ஏறியதில்லை. பையைத் திறந்து ஒரு டார்ச்சை எடுத்து மேசையில் வைத்தார். சிவப்பு டேப்.

“பெரிய பேட்டரி ரெண்டு குடுங்கண்ணே.”

எனக்குச் சல்லி வாங்க மனசில்லை. ஆனாலும் வாங்கினேன். வாங்காவிட்டால், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். கடையை மூடுகிறவரை மாதம் தவறாமல் வந்தார்.

இதை அப்படியே எடுக்காதீர்கள். அந்தக் குடும்பம் இங்கேதான் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் உண்டு. டார்ச்சை வேறு ஏதாவதாக மாற்றிக்கொள்ளுங்கள். குடையோ, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோ, திருப்பிக் கொடுக்க வேண்டிய ஏதோ ஒன்று.

எங்கள் மலையில் காதல் படமே வந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். நிறைய வந்திருக்கிறது, காதலிக்கிறவர்கள்தான் வேறு ஊர்க்காரர்கள். 1978இல் ‘பைலட் பிரேம்நாத்’துக்கு சிவாஜி இலங்கைக்கு வந்ததைச் சொல்லிச் சொல்லியே எங்கள் மாமா ஒருவர் செத்தார். 2012இல் சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகே ‘ஒப நத்துவ ஒப எக்க’ எடுத்தார். தஸ்தயேவ்ஸ்கியின் கதையை மலைநாட்டு டவுன் ஒன்றுக்குக் கொண்டுவந்து, ஒரு அடகுக் கடைக்காரனையும் ஒரு தமிழ்ப் பெண்ணையும் ஒரே வீட்டுக்குள் வைத்த படம். இரண்டு தனியாட்களின் கதையை இந்த நாட்டில் அதைவிட நன்றாக யாரும் எடுத்து நான் பார்க்கவில்லை. ஆனால் அவள் யுத்தத்துக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்தவள், அவன் பட்டாளத்தில் இருந்தவன். பனி மட்டும்தான் எங்களுடையது. அவருடைய ‘பரடைஸ்’, அதுவும் 2023தான், கேரளத்திலிருந்து சுற்றுலா வந்த தம்பதியின் கதை. எங்கள் ஆட்கள் அதில் வருகிறார்கள், பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிற ஆட்களாக. அவரைக் குறை சொல்லவில்லை. நடக்காததை அவர் எடுக்கவில்லை. 1963இலேயே ‘தோட்டக்காரி’ வந்தது, வி.பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ எடுத்தார், 2013இல் சுமதி சிவமோகன் ‘இங்கிருந்து’ எடுத்தார். ஆக, வழி ஏற்கெனவே வெட்டியிருக்கிறது. நரை விழுந்த ஆள் ஒருத்தனும் ஒருத்தியும் அந்த வழியில் இன்னும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் மலையகத்தின் பெரிய கூத்தே ஒரு காதல் கதை. மாசி மாதம் கம்பம் ஊன்றி, தப்படித்து, ராத்திரி முழுக்க ஆடுகிற காமன் கூத்து. மன்மதனைச் சிவன் எரித்துவிடுவான், ரதி அழுவாள். ரதி வேஷம் கட்டுகிறவர் ஆம்பிளை, பகலில் தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டுகிறவர், அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், அவர் அழுகிறபோது பொம்பிளைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவர்கள் அழுவது ரதிக்கு மட்டுமா என்று எனக்குச் சின்ன வயசிலிருந்தே சந்தேகம். எரிந்த மன்மதனுக்கு மறுபடி உயிர் கிடைக்கும், ஆனால் ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். அந்த அம்மா டார்ச்சை மேசையில் வைத்த அன்று எனக்கு இந்த இடம்தான் ஞாபகம் வந்தது. நீங்கள் எங்கேயெங்கேயோ போய்த் திரைக்கதை படிக்கிறீர்கள். ஒரு மாசிக்கு முழு ராத்திரியும் திடலில் உட்கார்ந்து பாருங்கள்.

ஒரு கிழவியும் படத்தில் இருக்கட்டும், பக்கத்துக் காம்பராவில். என் அத்தை மாதிரி. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் அஞ்சே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டார்கள். அத்தைக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீடு அந்தக் கணக்கில் விழுந்தது, எங்கள் வீடு இங்கேயே இருக்கிற கணக்கில். இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு, அந்த ரயிலுக்கு, ஒப்பாரிக் கோச்சி என்றே பேர். அவர் கோத்தகிரிக்குப் போய் இரண்டு கடிதம் போட்டார். அத்தை கடைசிவரை கல்யாணம் கட்டவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அப்படி ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால், இந்தப் பக்கம் நடக்கிறதைக் கேட்டுக்கொண்டே தூங்குகிற மாதிரிக் கிடப்பாள். காட்டிக் கொடுக்க மாட்டாள்.

சில்லறை விஷயங்கள் சில. யாழ்ப்பாணப் பேச்சு வேண்டாம், சென்னைப் பேச்சும் வேண்டாம்; மதினி கிலோக் கணக்கு கேட்டாரே, அந்தப் பேச்சு போதும். மேலே பறக்கிற கேமராவை ஒருதரம் வேண்டுமானால் பறக்க விடுங்கள். அதிலிருந்து பார்த்தால் மலை அழகாகத்தான் இருக்கும், அதில் நிற்கிறவர்களுக்கு முகம் இருக்காது. நாயகிக்குக் காலில் செருப்பு இருக்கட்டும். இடுப்பில் படங்கை, அந்தச் சாக்கை, கட்டி முடித்த பிறகு அதை ஒரு தரம் தடவிச் சரிசெய்வார்கள் பாருங்கள், அவன் எதிரே வருகிற பாதையென்றால் இரண்டு தரம் சரிசெய்வார்கள். அதைப் பிடித்துவிட்டால் பாட்டு தேவையில்லை. அவனைக் குடிகாரனாக வைக்கப் போகிறீர்களா, வையுங்கள், பொய்யில்லை. ஆனால் அவன் குடியை விட முயல்கிற மூன்று நாளையும் காட்டுங்கள். எங்கள் படங்களில் ஆம்பிளை குடிப்பான், அல்லது தொழிற்சங்கத்தில் பேசுவான். சும்மா உட்கார்ந்து ஒருத்தியை நினைத்துக்கொண்டிருக்கிற ஆம்பிளையை நான் பார்க்கவில்லை.

படம் முடிந்ததும் கொழும்பில் போடுவீர்கள், வெளிநாட்டு விழாவுக்கு அனுப்புவீர்கள். போடுங்கள், அனுப்புங்கள். எங்கள் தோட்டத்துக் காமன் திடலிலும் ஒரு ராத்திரி போட வேண்டும். ஆடி மழையில் வேண்டாம், தையிலோ மாசியிலோ, 10ஆம் திகதிக்குப் பிறகு வருகிற சனிக்கிழமையாகப் பாருங்கள். முதல் படமாகப் போடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் கத்தும். சாமி படமும் சண்டைப் படமும் நான் கொண்டுவருகிறேன். மூன்றாவதாக உங்களுடையது. வெள்ளைத் துணி என்னிடம் இருக்கிறது. ஜெனரேட்டரும் இன்னும் ஓடுகிறது, கயிறு இழுக்கத்தான் எனக்கு இப்போது தோள் சரியில்லை. உங்களில் ஒருவர் இழுத்தால் போதும்.

இப்படிக்கு,
தலவாக்கலையில் வீடியோ கடை வைத்திருந்த அண்ணன்